அரச நேரம், தனியார் நேரம்

“உனக்கு மணி பாக்கத் தெரியாதே?”

பாலேஸ்வரி ரீச்சர் என்னிடம் ஒருமுறை கேட்ட கேள்வி இது. காலைக் கூட்டத்தில், எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால், ஒலிவாங்கியில் கேட்டார். நேரம் ஏழு முப்பத்திரண்டு. எங்கள் பாடசாலைக் கேற் ஏழரைக்குப் பூட்டப்படும். ரீச்சர் மணிக்கூட்டை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டுபவர். கையைத் திருப்பி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு மணி பார்க்கத் தெரியும். இரண்டு நாட்டு மணி தெரியும். குவைத்தில் அம்மா வேலை செய்த வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு எழும்புவார்கள். அதற்கு முன் அம்மா குசினிக்குள் நின்று எனக்குப் போன் எடுப்பார். அங்கே நாலு முப்பத்தைந்து என்றால் இங்கே ஏழு ஐந்து. ஆறு நிமிடம் கதைப்போம். அதற்குப் பிறகு சைக்கிளை எவ்வளவு மிதித்தாலும் கேற்றடியில் ஏழு முப்பத்திரண்டுதான். இதையெல்லாம் ஒலிவாங்கிக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் பாடசாலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை. பதினோராம் ஆண்டில் தனுசியா என்று ஒரு பிள்ளை இருந்ததை இடாப்பில் கொஞ்சக் காலம் வைத்திருந்துவிட்டு வெட்டியிருப்பார்கள்.

இது நடந்து இரண்டு வருடம். இப்போது நான் சந்தியில் யசிந்தா அக்காவின் கொமினிகேசனில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி அடிப்பேன், படிவம் நிரப்புவேன். இரண்டுக்கும் அதிகம் கதைக்கத் தேவையில்லை. அம்மா வேறு வீட்டுக்கு மாறிவிட்டார். அங்கே வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு வெள்ளியும் அம்மா கேட்பது ஒன்றுதான்.

“இந்த வருசமாவது ஓஎல் எழுதுவியோ பிள்ளை?”

எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். பாடசாலைக்கு வெளியே இருந்து அந்தச் சோதனையை எழுதுபவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் செப்டெம்பர் பதினொன்று. பிறப்புச் சான்றிதழும் படமும் என்னிடம் இருந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று, வதிவிடச் சான்றிதழ். வழங்கப்பட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகாததாக இருக்க வேண்டும். அதை எங்கள் கடைக்கு நேர் எதிரே இருந்த உறுதிப்படுத்தல் உப அலுவலகத்தில் கொடுப்பார்கள். தெருவைக் கடந்தால் போதும்.

ஓகஸ்ட் மாத நடுவில் ஒரு நாள் தெருவைக் கடந்தேன். காலையில் கொடுத்து மத்தியானத்துக்குப் பிறகு சான்றிதழை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, கடைக் கணினியில் ஏற்றினேன். ‘ஏற்க முடியாது. சான்றிதழ் காலாவதியானது’ என்று வந்தது. மை இன்னும் காயாத கடதாசியைத் திருப்பிப் பார்த்தேன். வழங்கிய திகதி ஜனவரி பதினைந்து என்றிருந்தது. தைப்பொங்கல்.

எப்படி இது நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அதிக நேரம் செல்லவில்லை. அதே வருத்தம் எங்கள் கடைக் கணினிக்கும் வந்திருந்தது. நித்திரைக்குப் போன கணினி எழும்பும்போது, தான் படுத்த நேரத்திலேயே எழும்பும். இடையில் போன நேரம் அதற்குத் தெரியாது. யசிந்தா அக்கா திட்டினார், தட்டினார், செபமாலையை எடுத்து அதன்மேல் வைத்தும் பார்த்தார். நான் ஒரு பின்னேரம் முழுக்க வாசித்து, நேரத்தைத் தானாக எடுக்கும் அமைப்பை நிறுத்தித் திரும்பப் போட்டேன். உள்ளே காசளவில் இருக்கும் பற்றரி செத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒன்று வாங்கி வந்து மாற்றினேன்.

“எடியே, உனக்கு உது எப்பிடித் தெரியும்?” என்றார் அக்கா.

“வாசிச்சனான்,” என்றேன். அந்த வாரம் நான் கதைத்ததில் அதுதான் நீளமானது.

அலுவலகத்தின் மடிக்கணினி ஜனவரி இரண்டாம் திகதி வந்தது. குத்துவிளக்கு ஏற்றி, பொறுப்பதிகாரி செல்வநாயகம் சேர் நாடா வெட்டினார். கையால் எழுதும் சான்றிதழ்கள் அன்றோடு ஒழிக்கப்பட்டன. உற்பத்தித்திறன் முறைப்படி மேசையில் மஞ்சள் ரேப்பால் சதுரம் கீறி, அதற்குள் மடிக்கணினியை வைத்து, நாலு மூலையையும் ரேப்பால் ஒட்டி, ‘அசைக்க வேண்டாம்’ என்று எழுதினார்கள். சுவரில் கிடந்த மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார்கள். ஒரு அலுவலகத்துக்கு இரண்டு மணிக்கூடு வீண்விரயம் என்று அந்த முறையில் சொல்லப்பட்டிருந்ததாம்.

மடிக்கணினிக்குப் பொறுப்பாகச் சுவர்ணா மிஸ் இருந்தார். பொருட்களைப் பத்திரமாகப் பாவிப்பவர். தூசி படும் என்று மூடியை மூடுவார். தேத்தண்ணி குடிக்கும்போது சிந்தும் என்று மூடுவார். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம், சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கக் கால் மணித்தியாலம், மேலிடத்துப் போன் வந்தால் மரியாதைக்கு. நான் கடை வாசலில் இருந்து பார்த்ததில் அந்த மூடி ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்தான் திறந்திருந்தது. மூடியிருந்தபோது அதற்கு நேரம் ஓடவில்லை. ஆகவே அந்த மடிக்கணினி, அலுவலகம் வேலை செய்த நேரத்தை மட்டும் ஒரு நிமிடம் கூடாமல் குறையாமல் எண்ணிக்கொண்டு வந்தது. எட்டு மாதத்தில் இரண்டு கிழமை சேர்ந்திருந்தது. எங்களுக்குப் பன்னிரண்டு வேலைநாள் போனால் அலுவலகத்துக்கு ஒரு நாள் விடியும்.

அடுத்த நாள் சான்றிதழோடு போனேன். காத்திருப்போர் வாங்கில் எனக்கு முன்னால் தில்லைநாதன் ஐயா இருந்தார். முதியோர் அட்டைக்கு வந்தவர். மார்ச் மாதம் அறுபது வயதாகிவிட்டது. ஆனால் மடிக்கணினியின்படி இன்னும் ஐம்பத்தொன்பது.

“எனக்கு அறுபதாக இன்னும் ரெண்டரை வருசம் செல்லுமாம், பிள்ளை,” என்றார். சலிப்பாகச் சொல்ல முயன்றார். தலைக்குப் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தார்.

என் முறை வந்தது. திகதியைத் தொட்டுக் காட்டினேன். சுவர்ணா மிஸ் என்னைச் செல்வநாயகம் சேரிடம் அனுப்பினார்.

“என்ன பிள்ளை, ஏன் உப்பிடி நிக்கிறீர்? சொல்லும்.”

நான் திரும்பவும் திகதியைத் தொட்டேன்.

“ஓம். பொங்கல். அதுக்கென்ன?”

“இண்டைக்கு… ஓகஸ்ட், சேர்.”

சேர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அது உரை.

“இதிலை இரும். நேரத்திலை ரெண்டு வகை இருக்கு. ஒண்டு அரச நேரம். மற்றது தனியார் நேரம். உம்மடை போனிலை இருக்கிறது, கோயில் மணி, பஸ்காரன்ரை மணிக்கூடு, உதெல்லாம் தனியார் நேரம். ஆளுக்கு ஒண்டு. உதை நம்பி ஒரு நிர்வாகம் நடத்தேலுமோ? இந்த மெசினிலை இருக்கிறது அரச நேரம். குத்துவிளக்கேத்தித் துவங்கினது. நாங்கள் பிந்தேல்லைப் பிள்ளை. சனம்தான் முந்திப் போட்டுது. முந்திப் போனவை கொஞ்சம் பொறுத்து நிக்கத்தான் வேணும்.”

“அப்ப நீங்கள் சாப்பிடப் போறது, சேர்?” என்று வாங்கிலிருந்து தில்லைநாதன் ஐயா கேட்டார்.

“பசி தனிப்பட்ட விசயம்,” என்றார் சேர். “சாப்பாடும் வீட்டை போறதும் தனியார் நேரத்திலை. சேவை அரச நேரத்திலை. நாங்கள் ரெண்டையும் குழப்பிறதில்லை.”

உண்மையில் அவர்கள் அன்று ஒரு தியாகம் செய்துகொண்டிருந்தார்கள். மடிக்கணினியில் பொங்கல். பொங்கல் அரச விடுமுறை. விடுமுறை நாளில் வேலை செய்தால் ஈட்டு லீவு உண்டு. அலுவலகத்தின் அந்த ஒரு பொங்கல் எங்களுக்குப் பன்னிரண்டு வேலைநாளாக நீண்டது. முதல் நாள் சுவர்ணா மிஸ் வீட்டில் பொங்கிய புக்கை கொண்டுவந்தார். பன்னிரண்டு நாளும் விடுமுறையைப் பாராமல் வந்து சேவை செய்ததற்காக ஆளுக்குப் பன்னிரண்டு நாள் ஈட்டு லீவு எழுதிக்கொண்டார்கள். யாருக்கும் இதில் பிழை தெரியவில்லை. நான் கணக்குப் பார்த்தேன். எனக்கும் பிழை தெரியவில்லை.

கதைக்க வராதபடியால் எழுதிக் கொடுப்போம் என்று நினைத்தேன். ஒரு துண்டுக் கடதாசியில், நேரம் ஏன் நிற்கிறது, எங்கே அழுத்த வேண்டும், எந்தப் பற்றரியை மாற்ற வேண்டும் என்று ஆறு வரி எழுதி, சுவர்ணா மிஸ்ஸின் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். மூன்று நாளில் பதில் கிடைத்தது. வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் அரச கடிதம். ‘தங்கள் முறைப்பாடு ஜனவரி 15 இல் பதிவாகியுள்ளது. அத்திகதியில் இயந்திரம் கிடைத்துப் பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. பதின்மூன்று நாளில் ஓர் இயந்திரம் ஏழு மாதம் பிந்துவது சாத்தியமில்லை. எனவே முறைப்பாடு உண்மைக்குப் புறம்பானது எனத் தள்ளுபடி செய்யப்படுகிறது.’

வாசித்து முடித்ததும் அது எனக்கே சரியாகத்தான் பட்டது. கடைக்குள் போட்டோகொப்பி மெசினுக்குப் பின்னால் இருந்து இன்னொரு தடவை வாசித்தேன். காட்டுவதற்கு ஆள் இல்லை. யசிந்தா அக்கா நல்லவர்தான். ஆனால் காட்டினால், “பேசாமல் உன்ரை வேலையைப் பார்,” என்பார். நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஆனாலும் துண்டுக் கடதாசி முழுக்க வீணாகவில்லை. அதன் விளைவாக ஒரு குழு போட்டார்கள். நேர ஒத்திசைவு ஆய்வுக் குழு. தலைவர் செல்வநாயகம் சேர், செயலாளர் சுவர்ணா மிஸ், உறுப்பினர் தேவைப்படும்போது. கூட்டத்துக்குக் கவனம் வேண்டுமென்று மூடியை மூடிவிட்டுத் தொடங்கினார்கள். மிக்சரும் வாழைப்பழமும் எங்கள் கடையைத் தாண்டி இரண்டு தடவை போயின. முடிந்ததும் மூடியைத் திறந்து அறிக்கை அடித்தார்கள். போட்டோகொப்பிக்கு என்னிடம்தான் வந்தது. ‘கூட்டம் ஆரம்பித்த நேரம்: 10.12. நிறைவடைந்த நேரம்: 10.12.’ அடுத்த வரியில் தலைவர் உரை. ‘ஒரு நிமிடமும் வீணாக்காமல் கூடிக் கலைந்த முதல் குழு இதுவென்பதில் பெருமையடைகிறேன்.’

அங்கேதான் எல்லாம் பெரிதானது. சேர் அந்த அறிக்கையையும், அலுவலகத்தின் சேவைப் பதிவுகளையும் உற்பத்தித்திறன் போட்டிக்கு அனுப்பிவிட்டார். விண்ணப்பதாரி ஒருவர் காலை ஒன்பதுக்கு வந்து பின்னேரம் மூன்றுக்குப் போனாலும், இடையில் மூடி மூடியிருந்த நேரம் கணக்கில் வராது. சராசரிச் சேவை நேரம் எட்டு நிமிடம் என்று விழுந்தது. மாகாணத்திலேயே இப்படி ஒரு அலுவலகம் இருந்ததில்லையாம். இறுதிச் சுற்றுக்குத் தெரிவானார்கள்.

மேலிடத்துக்கும் ஏதோ கேள்வி வந்திருக்க வேண்டும். மடிக்கணினியின் நேரத்தைத் திருத்தும்படியும், அதற்கான கடவுச்சொல் இருக்கும் முத்திரையிட்ட உறையைத் திறக்கலாம் என்றும் ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதியிட்டு ஒரு கடிதம் வந்தது. வந்தது என்று நான் சொல்வது தனியார் நேரத்தில். அலுவலகத்தில் அன்று ஜனவரி. ஓகஸ்ட் கடிதத்தை ஜனவரியில் பதிய மடிக்கணினி மறுத்தது. சுவர்ணா மிஸ் அதை ஒரு தட்டில் வைத்தார். தட்டின்மேல் ‘இன்னும் வராதவை’ என்று அழகான எழுத்தில் ஒட்டியிருந்தது. அந்தத் தட்டில் எட்டு மாதக் கடிதங்கள் வரிசையாக இருந்தன. எங்களுக்குப் பதினொரு வருடம் போனால் ஓகஸ்ட் இருபத்தெட்டு அங்கே விடியும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஓஎல் எழுதலாம்தான்.

நான் இன்னும் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சான்றிதழ் தந்தார்கள். ஒருபோதும் இல்லையென்று சொன்னதில்லை. மூன்றும் பிறக்கும்போதே காலாவதியாகிப் பிறந்தன.

செப்டெம்பர் பதினொன்று வியாழக்கிழமை. கடைசி நாள். இரவு பன்னிரண்டுக்குள் ஏற்றிவிட வேண்டும். நாளைக்கு வெள்ளி, அம்மா எடுப்பார். என்ன சொல்வது என்று யோசித்தபடி காலையிலேயே போய் வாங்கில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் தில்லைநாதன் ஐயா. அவருக்குப் பக்கத்தில், குடையை மடியில் வைத்தபடி, பாலேஸ்வரி ரீச்சர்.

ஓய்வு பெற்றுவிட்டாராம். முகம் சிறுத்துப் போயிருந்தது. மணிக்கூடு மட்டும் அப்படியே, மணிக்கட்டின் உட்பக்கம். என்னைப் பார்த்தார். தெரிந்ததாகக் காட்டவில்லை. எண்ணூறு பேரில் நான் யார்?

“எத்தினையாவது தரம் ரீச்சர்?” என்று கேட்டார் தில்லைநாதன் ஐயா.

“நாலாந்தரம். நாளைக்குக் காலமை கொழும்பிலை விசா இன்ரவியூ. ராத்திரி பஸ்ஸுக்கு ரிக்கெற்றும் போட்டாச்சு. மகளுக்குக் கனடாவிலை பிள்ளை பிறக்கப் போகுது. ஆரும் துணையில்லை. உந்தக் கடதாசி ஒண்டுதான் குறை.”

“பிள்ளை எப்ப பிறக்கும்?”

“அடுத்த மாசம்.”

“எந்த நேரத்திலை, ரீச்சர்? அரச நேரத்திலையோ?”

ரீச்சர் சிரிக்கவில்லை. கையைத் திருப்பி மணி பார்த்தார்.

மூடி திறந்தது, மூடியது. சாப்பாடு முடிந்தது. மூன்று ஐம்பதுக்கு செல்வநாயகம் சேருக்குப் போன் வந்தது. எழும்பி நின்று கதைத்தார். “ஓம் சேர், ஓம் சேர், ஒன்பது மணிக்கு, கட்டாயம் சேர்.” போனை வைத்ததும் நெற்றியைத் துடைத்தார்.

“சுவர்ணா, நாளைக்கு நடுவர்மார் வருகினம். லப்டொப்பையும் பாப்பினமாம். திகதியைப் பாத்தால்?”

“அரச நேரம் எண்டு சொல்லுவம் சேர்.”

“அவையும் அரசாங்கம் பிள்ளை!”

இப்படி ஒரு நிலைமையை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு ‘இன்னும் வராதவை’ தட்டைப் பார்த்தார்.

“அந்தக் கடிதம் எங்களுக்கு இன்னும் வரேல்லை. ஆனால் வந்தால் அதிலை என்ன எழுதியிருக்கும் எண்டு எனக்கு அனுபவத்திலை தெரியும். உறையைத் திறவும்.”

சுவர்ணா மிஸ் முத்திரையை உடைத்து உறைக்குள் இருந்த கடதாசியை வாசித்தார். “கடவுச்சொல் மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது.”

எட்டு மாதமாக அதை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. அசைக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததே. ரேப்பை உரித்தெடுக்கப் பத்து நிமிடம் சென்றது. அதற்குப் பிறகு பெரிய பிரச்சினை வந்தது. யார் கை வைப்பது?

“நான் மாட்டன் சேர். பிழைச்சால் எட்டு மாசப் பதிவும் என்ரை தலையிலை.”

“நான் மேலதிகாரி. தொடுறதில்லை, மேற்பார்வை மட்டும்தான்.” சேர் வாங்கைப் பார்த்தார். “ஐயா, நீங்கள்?”

“நான் சமாதான நீதவான்,” என்றார் தில்லைநாதன் ஐயா. “பேர் பதிவிலை இருக்கு.”

“ரீச்சர் ஓய்வூதியக்காரர், அவவின்ரை பேரும் இருக்கு.” சேரின் கண் என்னிடம் வந்தது. “பிள்ளை, நீர் எந்தப் பள்ளிக்கூடம்?”

“இல்லை, சேர்.”

“வேலை?”

“முன்னுக்கு இருக்கிற கடையிலை.”

“அது பதிஞ்ச வேலையோ?”

“இல்லை.”

“அடையாள அட்டை?”

“இன்னும் எடுக்கேல்லை.”

“பிறப்புப் பதிவைத் தவிர உம்மடை பேர் வேறை எந்தப் பதிவிலையாவது இருக்கோ?”

யோசித்தேன். இடாப்பில் இருந்தது, வெட்டிவிட்டார்கள். “இல்லை, சேர்.”

சேரின் முகம் மலர்ந்தது. “பாத்தீரோ சுவர்ணா! எந்தப் பொறுப்பும் இல்லாத, எந்த இடத்திலும் இல்லாத ஒரு ஆள். உப்பிடி ஒராளைத் தேடினாலும் கிடைக்காது. வாரும் பிள்ளை, வந்து இரும்.”

என் வாழ்க்கையில் என்னை வேண்டுமென்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போய்ச் சுவர்ணா மிஸ்ஸின் கதிரையில் இருந்தேன். கதிரை இன்னும் சூடாக இருந்தது.

இணையத்துக்குரிய டொங்கிள் அலுமாரிக்குள். பூட்டிய அலுமாரியின் திறப்பு பிரசவ லீவில் போனவரிடம். ஆகவே நேரம் தானாக வராது. கையால்தான் அடிக்க வேண்டும். கடவுச்சொல்லைப் போட்டேன். ஜனவரியை அழித்துச் செப்டெம்பர் என்று போட்டேன். பதினாறை அழித்துப் பதினொன்று போட்டேன். எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. வாங்கில் இருந்த தில்லைநாதன் ஐயாவுக்கு அந்த இடத்திலேயே அறுபது வயதானது. அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

மணி மட்டும் மிச்சம்.

யன்னலுக்கு வெளியே எங்கள் கடை தெரிந்தது. கடைச் சுவரில் இருக்கும் மணிக்கூடு தெரிந்தது. நாலு பதினேழு. அலுவலகம் பூட்டும் நேரம் நாலே கால். நான் சரியான நேரத்தைப் போட்டால், நான் போட்ட நேரத்தாலேயே நான் இரண்டு நிமிடம் பிந்தியவளாவேன். நாளைக்கு வாரும் பிள்ளை என்பார்கள். நாளைக்குத் திகதி சரியாக இருக்கும், படிவம் மூடியிருக்கும். ஏழரைக்கும் ஏழு முப்பத்திரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு என்று அடித்தேன். பூச்சியம் ஐந்து என்று அடித்தேன். நாலு மணி ஐந்து நிமிடம்.

“முடிஞ்சுதோ?”

“ஓம், சேர்.”

“அவ்வளவுதானோ? உதுக்கே நாங்கள் குழு போட்டனாங்கள்?” சேர் குனிந்து பார்த்தார். “நாலு அஞ்சு. அப்ப இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. இருக்கிற மூண்டு பேருக்கும் அடிச்சுக் குடும் சுவர்ணா. நாளைக்கு இண்டையான் கணக்கையும் பாப்பினம்.”

தோளில் கைப்பையோடு நின்ற சுவர்ணா மிஸ் போனைப் பார்த்தார். “சேர், என்ரை போனிலை நாலு பதினேழு தாண்டீட்டுது. என்ரை பஸ் நாலு இருபத்தஞ்சுக்கு.”

“அது தனியார் நேரம் பிள்ளை.”

“வீட்டை போறது தனியார் நேரம் எண்டு நீங்கள்தானே…”

“இண்டையிலிருந்து எல்லாம் அரச நேரம். இப்ப அது சரியான நேரமும்.” ஆனாலும் அவருக்குள் ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாங்கின் பக்கம் திரும்பினார். “ரீச்சர், உங்கடை மணிக்கூடு ஒருநாளும் பிழைச்சதில்லை எண்டு ஊரே சொல்லும். இப்ப மணி என்ன?”

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தேன்.

ரீச்சர் கையைத் திருப்பினார். மணிக்கூட்டைப் பார்த்தார். மடிக்கணினியைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடினார். குடைப்பிடியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரீச்சரே மறுக்கேல்லை,” என்றார் சேர். “அடியும்.”

எனக்கு நாலு ஏழுக்கு வந்தது. ரீச்சருக்கு நாலு ஒன்பதுக்கு. தில்லைநாதன் ஐயாவுக்கு நாலு பன்னிரண்டுக்கு. அவருடையதை முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது நாலு இருபத்தைந்து பஸ் யன்னலுக்கு வெளியே போனது. சுவர்ணா மிஸ் முத்திரையைப் பிடித்தபடி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அலுவலகம் அரச நேரத்தில் வீட்டுக்குப் போன முதல் நாள் அது.

இன்னொன்றையும் நான் கண்டேன். எங்கள் மூன்று பேரின் விண்ணப்பமும் காலையில் பதிந்தபோது ஜனவரி பதினாறு. வழங்கியது செப்டெம்பர் பதினொன்று. சேவை நேரம் எட்டு மாதம் என்று திரையின் மூலையில் சின்ன எழுத்தில் விழுந்திருந்தது. நாளைக்கு ஒன்பது மணிக்கு நடுவர்மார் அதைப் பார்ப்பார்கள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“நீர் போகலாம் பிள்ளை. இஞ்சை வந்ததாக ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்,” என்றார் சேர்.

மூடிக்கொண்டேன்.

கடையில் யசிந்தா அக்கா இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். சான்றிதழை ஏற்றினேன். வட்டம் சுற்றியது. ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. எழும்பி நின்றேன். எழும்பி நின்று என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப இருந்தேன். குவைத்தில் அப்போது இரண்டு மணி. அம்மாவின் போன் எசமானியின் அலுமாரிக்குள் கிடக்கும். நாளை வரைக்கும் இதைச் சொல்ல ஆளில்லை. எட்டு மாதத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு அதிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தை எனக்கென்று எடுத்துக்கொண்டேன் என்பதை நாளைக்கும் சொல்ல முடியாது.

வாசலில் நிழல் விழுந்தது. பாலேஸ்வரி ரீச்சர் உள்ளே வந்து சான்றிதழை மேசையில் வைத்தார். இரண்டு விரலைக் காட்டினார். நான் இரண்டு கொப்பி அடித்தேன். மெசின் வெளிச்சம் இரண்டு தரம் அங்குமிங்கும் போய் வந்தது. கொப்பிகளை அவர் முன்னால் வைத்தேன்.

கீழே அச்சடித்திருந்த நேரத்தில் ரீச்சரின் விரல் நின்றது. பி.ப. 4.09. எங்கள் சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஒலிவாங்கிக்குப் பின்னால் நின்று பார்த்த அளவு நேரம் பார்த்தார். இந்த முறை தெரிந்துகொண்டார். அது எனக்கு விளங்கியது.

மணி பாக்கத் தெரியாதே என்று இன்னொரு தடவை கேட்பார் எனக் காத்திருந்தேன். என்னிடம் பதில் இருந்தது.

ரீச்சர் கடதாசிகளை மடிக்காமல் பைலுக்குள் வைத்தார். குடையை எடுத்தார். படி இறங்கிப் போனார்.